காலி நாட்களின் கணக்கு

அலிப்பூர், கல்கத்தா
18-5-2025

சௌபாக்கியவதியான என் அருமை மருமகளுக்கு,

பெரிய மாமாவின் அநேக ஆசீர்வாதங்கள்.  

அப்புத்தளையிலிருந்து நீ எழுதிய நான்கு பக்கக் கடிதமும் அதனோடு மடித்து வைத்திருந்த கணக்குத் தாளும் சென்ற வாரம் வந்து சேர்ந்தன. மாப்பிள்ளையின் பாட்டனார் கட்டிய வீட்டில் இரண்டு அறைகளைச் செப்பனிட்டு, அதற்குக் கீழே சரிவில் புதிதாக இரண்டு அறைகளை எழுப்பி, தேயிலை மலைகளைக் காண வரும் அயல்நாட்டாருக்கு அவற்றை வாடகைக்கு விடுவதென்றும், அதற்காக உங்கள் ஊர் வங்கியில் இலங்கை நாணயத்தில் ஒரு கோடி ரூபாய் கடன் வாங்குவதென்றும், அக்கடன் போதாமற்போனால் மாமாவும் ஒரு பங்கு போட்டுச் சேர்ந்துகொள்ள வேண்டுமென்றும் எழுதியிருக்கிறாய். உன் உற்சாகம் எனக்கு மிகுந்த சந்தோஷத்தைக் கொடுத்தது. ஆயினும், முப்பத்தைந்து வருஷ காலம் தேயிலைக் கம்பெனிகளின் கணக்குகளைத் தணிக்கை செய்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் ஆகையால், கடிதத்தைப் படித்து ஆனந்தப்பட்ட பிறகு கணக்குத் தாளைப் படித்தேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. உன் தாயார் இருந்திருந்தால் அவளே உனக்கு இதைச் சொல்லியிருப்பாள். அவள் இல்லாத இடத்தில் சொல்லக் கடமைப்பட்டவன் நான். ஆகையால் சற்றுப் பொறுமையாகப் படி.

நான் குடியிருக்கும் தெருவுக்கு அருகில், வங்காளிகள் சிடியாகானா என்று வழங்கும் மிருகக்காட்சி சாலை இருக்கிறது. 1876-ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் பழைய ஸ்தாபனம் அது. கிறிஸ்துமஸ் தினத்தன்றும் ஜனவரி முதல் தேதியன்றும் அதன் வாசலில் நீ வந்து நின்றால், கல்கத்தா நகரமே குடும்பம் குடும்பமாகத் திரண்டு வந்துவிட்டதோ என்று பிரமித்துப்போவாய். அந்த ஜனசமுத்திரத்தைப் பார்க்கிறவர்கள் இதைக் காட்டிலும் லாபகரமான தொழில் உலகத்தில் உண்டோ என்று நினைப்பார்கள். ஆனால் வைகாசி வெயிலில், பிற்பகல் வேளையில், அந்த வழியாக நடந்து போகிற எனக்குத் தெரியும், வாசலில் நிற்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பது. வியாழக்கிழமைதோறும் கதவையே திறப்பதில்லை. அன்றைக்கும் யானைக்குத் தழை வந்தாக வேண்டும். மானுக்குப் புல் வந்தாக வேண்டும். காவல்காரனுக்குச் சம்பளம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கூட்டம் வருவது சில நாட்கள். தீனி போடுவது முந்நூற்று அறுபத்தைந்து நாட்கள். விருந்தினர் விடுதியும் அப்படிப்பட்ட ஒரு பிராணிதான், குழந்தாய். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அது தின்றுகொண்டேயிருக்கும்.

இந்த ஒரு தத்துவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உன் கணக்குத் தாளைப் பார்ப்போம். நான்கு அறைகள், ஒரு நாள் வாடகை 12,000 ரூபாய், வருஷத்தில் 300 நாட்கள் எல்லா அறைகளும் நிரம்பியிருக்கும், ஆகையால் வரவு 1 கோடியே 44 லட்சம் என்று எழுதியிருக்கிறாய். மழைக்கும் மந்தத்துக்குமாக அறுபத்தைந்து நாட்களை மாத்திரமே விட்டிருக்கிறாய். அப்புத்தளையில் ஐப்பசி கார்த்திகையில் எத்தனை நாள் விடாமல் மழை பெய்கிறது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரையில் ஒரு பருவம், ஐரோப்பியருக்கு விடுமுறையாகிய ஜூலை, ஆகஸ்டில் இன்னொரு பருவம் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பருவங்களில்கூடத் திங்கட்கிழமை இரவு நான்கு அறைகளும் நிரம்புவது துர்லபம். புதிதாக ஆரம்பிக்கிற ஒரு கிராமத்து வீடு, முதல் சில வருஷங்களில், மொத்த இரவுகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நிரம்புமானால் அதைப் பாக்கியம் என்று கொள்ள வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

அவ்வாறு நூற்றுக்கு முப்பத்தைந்து என்று கொள்வோம். நான்கு அறைகளுக்கு வருஷத்தில் 1,460 இரவுகள். அவற்றில் 511 இரவுகள் நிரம்பினால் வரவு 61 லட்சத்து 32 ஆயிரம். இணையத்தின் வழியாக ஆள் பிடித்துத் தரும் முகவர்களுக்கு நூற்றுக்குப் பதினைந்து வீதம் போனால் 9 லட்சத்து 20 ஆயிரம் கழிகிறது. காலைச் சிற்றுண்டி, சலவை, சோப்பு, வெந்நீர் என்று இரவுக்கு 2,000 வீதம் 10 லட்சத்து 22 ஆயிரம் கழிகிறது. இரண்டு வேலையாட்களின் சம்பளம், மின்சாரம், தோட்டம், இன்ஷூரன்ஸ் முதலானவற்றுக்கு மாதம் 1,40,000 என்று நீயே போட்டிருக்கிறாய். அது வருஷத்துக்கு 16 லட்சத்து 80 ஆயிரம். இதன் மேல், நீ எழுத மறந்த ஒரு செலவு இருக்கிறது. மலைப் பிரதேசத்து ஈரத்தில் சுவர் பூக்கும், மெத்தை நாறும், தகரம் துருப்பிடிக்கும். ஆகையால் வரவில் நூற்றுக்கு எட்டு வீதம் பழுதுபார்ப்புக்கென்று ஒதுக்கியே தீர வேண்டும். எல்லாம் போக நிற்பது ஏறக்குறைய 20 லட்சம். நீ எழுதியுள்ள 13 சதவீத வட்டியில் ஒரு கோடி ரூபாயைப் பத்து வருஷத்தில் அடைப்பதானால், தவணை மாத்திரம் வருஷத்துக்கு 17 லட்சத்து 92 ஆயிரம். நீயும் மாப்பிள்ளையும் வருஷம் முழுவதும் உழைத்ததற்கு மீதி 2 லட்சத்துச் சொச்சம். இது நல்ல வருஷத்தின் கணக்கு. நூற்றுக்கு இருபத்தைந்து இரவுகள்தான் நிரம்பின என்றால், கையிலிருந்து 8 லட்சத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

இப்போது அந்தச் சரிவு அறைகளை மறந்துவிட்டு, பழைய வீட்டு அறைகள் இரண்டை மட்டும் 30 லட்சத்தில் செப்பனிடுவதாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு வேலையாளை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீங்களே கவனித்தால் மாதச் செலவு 70,000-க்குள் அடங்கும். அதே முப்பத்தைந்து வீதம் நிரம்பினால், தவணையும் கட்டி, பழுதுபார்ப்புக்கும் ஒதுக்கியது போக, 4 லட்சத்து 68 ஆயிரம் நிற்கிறது. இருபத்தைந்து வீதந்தான் நிரம்பியது என்றால் துண்டு விழுவது 60 ஆயிரம். சிறிய வீடு நல்ல வருஷத்தில் பெரிய வீட்டைக் காட்டிலும் அதிகமாகக் கொடுக்கிறது. கெட்ட வருஷத்தில் ஒரு மாத உழைப்பால் ஈடுசெய்யக்கூடிய நஷ்டத்தோடு விட்டுவிடுகிறது. இந்த வித்தியாசத்தைத்தான் நீயும் மாப்பிள்ளையும் விளக்கு ஏற்றி வைத்து உட்கார்ந்து நிதானமாக ஆலோசிக்க வேண்டுமென்று நான் ஆசைப்படுகிறேன்.

கெட்ட வருஷம் எங்கே வரப்போகிறது என்று கேட்பாயானால், நீ குடியேறிய தேசத்தின் சமீப சரித்திரமே பதில் சொல்லும். 2018-இல் இலங்கைக்கு வந்த அயல்நாட்டுப் பிரயாணிகள் 23 லட்சத்து 33 ஆயிரம் பேர். 2019 ஏப்ரல் 21-ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த அந்தக் கோரமான குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அவ்வருஷத் தொகை 19 லட்சமாகக் குறைந்தது. அடுத்த வருஷம் பெருந்தொற்று வந்து 5 லட்சமாக்கியது. 2021-இல் 1 லட்சத்து 94 ஆயிரம் பேரே வந்தார்கள். தொற்று தணிந்தது என்று மூச்சு விடுவதற்குள் 2022-இல் அந்நியச் செலாவணி வறண்டு, பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் ஜனங்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற காட்சியை நீயே கண்ணால் கண்டாய். அந்த வருஷம் வந்தவர்கள் 7 லட்சத்து 20 ஆயிரம் பேர். 2024-இல் தொகை மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியது என்பது மெய்தான். ஆனால் அந்தத் தொகையும் 2018-இன் அளவை எட்டவில்லை. ஏழு வருஷத்தில் நான்கு வருஷம் பஞ்சம் கண்ட தொழிலுக்கு, பத்து வருஷம் தவறாமல் தவணை கட்டுவதாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள், அந்தப் பஞ்ச வருஷங்களைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

வட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஏறி இறங்கும் வட்டியில் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு, விருந்தினரும் வராத காலத்தில், தவணையும் வளர்ந்தது. ஆகையால் கடனை எவ்வளவு சிறிதாக வாங்கினாலும், குறைந்தது முதல் ஐந்து வருஷத்துக்காவது மாறாத வட்டியாகக் கேள். வெள்ளைக்காரர்கள் டாலரில் கொடுக்கப்போகிறார்களே, டாலரிலேயே கடன் வாங்கினால் வட்டி குறையுமே என்று யாராவது யோசனை சொன்னால் காதைப் பொத்திக்கொள். அந்த வருஷத்தில் சில மாதங்களுக்குள் டாலரின் விலை 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியது. டாலர் விலை ஏறுகிற வருஷமும் டாலர் கொண்டுவருகிறவர்கள் வராத வருஷமும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதை அது காட்டிவிட்டது. மின்சாரக் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும், மறுவருஷம் பிப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியதையும், பிறகு இறங்கியதையும் நினைவில் வைத்துக்கொண்டு, மாதச் செலவென்று எழுதும் எண்ணுக்குப் பக்கத்தில் அதில் கால்பங்கைக் கூட்டி எழுதிப் பார்.

இவ்வளவையும் புத்தகம் பார்த்து எழுதுவதாக எண்ணாதே. உனக்கு இதுவரையில் சொல்லாத ஒரு சங்கதியை இப்போது சொல்கிறேன். உத்தியோகத்திலிருந்து விலகிய பிறகு, என் சிநேகிதர் ஒருவர் காலிம்போங் மலையில் நடத்திவந்த நான்கு அறை விடுதியை எட்டு அறையாக்குவதற்காக, என் சேமிப்பில் ஒரு பெரும் பகுதியை அவரோடு சேர்ந்து போட்டேன். வங்காளிகள் துர்கா பூஜை விடுமுறையில் மலைக்குப் போகாமல் இருக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், 2017-ஆம் ஆண்டுப் பூஜைக்கான முன்பணத்தை வைகாசியிலேயே வாங்கி, அதைச் சிமெண்டுக்கும் தகரத்துக்கும் செலவழித்துவிட்டோம். ஜூன் மாதத்தில் தனி மாநிலக் கிளர்ச்சி மூண்டு, மலை முழுவதும் கடையடைப்பு ஆரம்பமாயிற்று. அது 104 நாட்கள் நீடித்தது. பூஜைக்கு வரவேண்டியவர்கள் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. கொடுப்பதற்குத்தான் எங்களிடம் பணம் இருக்கவில்லை. என் சிநேகிதர் தம் மனைவியின் நகைகளை விற்றுக் கொடுத்தார். மறுவருஷம் வீட்டையும் விற்றார். கணக்குப் படித்தவனாகிய நான் பக்கத்தில் இருந்தும், காலி நாட்கள் என்ற ஒரு பத்தியை எங்கள் பேரேட்டில் திறக்காமல் விட்டேன். அந்தப் பிழை என்னுடையது. அந்தப் பேரேடு இன்றைக்கும் என் அலமாரியில் இருக்கிறது. விருந்தினர் வந்து தங்கி, திருப்தியாகப் புறப்பட்டுப் போகும் வரையில் அவர் கொடுத்த முன்பணம் உனதல்ல, அவருடையது. அதைத் தனிக் கணக்கில் வை, தொடாதே.

காலையில் நான் உலாவப் போகும் வழியில், ஆதிகங்கையின் பழைய தடத்தில் ஓடும் டோலி நாலா என்ற கால்வாய் இருக்கிறது. வில்லியம் டோலி என்ற இராணுவ உத்தியோகஸ்தர், தூர்ந்துபோன அந்தத் தடத்தைச் சொந்தச் செலவில் வெட்டுவித்து, போகிற படகுகளிடம் சுங்கம் வாங்கும் உரிமையைப் பெற்று, 1777-இல் திறந்துவைத்தார், 1784-இல் காலமாகிவிட்டார். கால்வாய் இன்றைக்கும் இருக்கிறது. மண்ணில் போட்ட பணம் மண்ணின் வேகத்தில்தான் திரும்பும். வங்கிக்காரனோ மாதத்தின் முதல் தேதியில் வந்து நிற்பான். இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியைத் தாங்கும் சக்தியே மூலதனம்.

மண்ணைப் பற்றிச் சொன்னேன்; உன் சரிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலையில், உங்கள் பதுளை மாவட்டத்திலேயே கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, நம் ஜனங்கள் குடியிருந்த லயங்களெனும் வரிசை வீடுகளை மூடிப் புதைத்ததே, அதை நீ மறக்கலாகாது. அந்தப் பிரதேசத்தில் புதிதாகக் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரின் அபிப்பிராயத்தை எழுத்தில் வாங்கு. கட்டுவதே இல்லை என்று தீர்மானித்தாலும், பழைய வீட்டின் பின்புறத்து நீர்வடிகாலுக்கும் தாங்குசுவருக்கும் முதல் பணத்தை ஒதுக்கு. கண்ணாடி ஜன்னலும் மரத்தளமும் படத்தில் அழகாக விழும். வடிகால் எந்தப் படத்திலும் விழாது. அதனாலேயே அது மறக்கப்படுகிறது.

நித்திய நடைமுறைக்குச் சில நியமங்கள் எழுதுகிறேன். வீட்டுப் பணமும் விடுதிப் பணமும் ஒரே டப்பாவில் கிடக்கலாகாது. நீயும் மாப்பிள்ளையும் மாதச் சம்பளமென்று ஒரு சிறு தொகையை நிர்ணயித்து, அதை மாத்திரமே வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் முறைப்படி பதிவு செய்துகொள். இலங்கையில் மதிப்புக் கூட்டு வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாகியிருக்கிறது. உன்னுடையது போன்ற சிறிய வியாபாரத்துக்கு அதில் பதிவு வேண்டுவதில்லையாதலால் நீ அதை வசூலிக்க வேண்டியதில்லை. ஆனால் நீ வாங்கும் சாமான்களின் விலையில் அது ஏறியிருக்கும், திரும்பிவராது என்பதை அறிந்து செலவைப் போடு. முகவர் மூலம் முதல் முறை வந்தவர் இரண்டாம் முறை உனக்கே நேராக எழுதும்படி உபசாரம் செய். அந்தப் பதினைந்து வீதமே உன் உபசாரத்துக்குக் கிடைக்கும் ரொக்க வெகுமதி. வேலைக்கு வைக்கும் பெண்ணுக்கு மழைக்காலத்திலும் முழுச் சம்பளம் கொடு. கொழுந்து பறிக்கிற தாய்மாரின் குழந்தைகளுக்கு, விருந்தினர் வராத மாதம் பசிக்காத மாதமாக இருப்பதில்லை.

நம் வீட்டு வழக்கம் வேறு ஒன்று உண்டு. வந்தவரிடம் விலை பேசுவது எப்படி என்று உன் மனம் கூசுவதாக எழுதியிருக்கிறாய். உன் தாயாரின் சமையலறையில் எத்தனை இலை விழுந்தது என்று யாரும் எண்ணியதில்லை. அந்த இரத்தம் உன்னிடத்தில் பேசுகிறது. கூச வேண்டாம். உறவினருக்கும் அதிதிகளுக்கும் நீ விரும்பியபடி இலவசமாக அறை கொடு. ஆனால் அந்த இரவையும் பேரேட்டில், கொடுத்த தர்மமென்று, முழு வாடகையோடு எழுது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது, போடாதே என்பதற்காக அல்ல. அளந்தவளுக்குத்தான் நாளைக்கும் போடுவதற்கு மிச்சமிருக்கும்.

இனி, மாமாவின் பங்கு. நிலத்தில் ஒரு பாகத்தை என் பெயருக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாய். 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் அந்நியருக்கு நிலம் மாற்றிக்கொடுப்பதைத் தடுக்கிறது. நான் அங்கே அந்நியன். அந்தப் பேச்சை விட்டுவிடு. நம் ரிசர்வ் வங்கி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதிக்கிறது. 10 லட்சம் இந்திய ரூபாய்க்கு மேல் போனால், மேற்பட்ட தொகையில் 20 சதவீதத்தை முன்வரியாக வங்கியே பிடித்துக்கொண்டு, பிறகு வரிக் கணக்கில் வரவு வைக்கும். எனக்கு அத்தனை தூரம் போகும் உத்தேசம் இல்லை. நீங்கள் இரண்டு அறைகளோடு ஆரம்பிப்பதாக எனக்கு எழுதினால், ஆறு மாதச் செலவாகிய 4 லட்சத்து 20 ஆயிரம் இலங்கை ரூபாய்க்கு ஈடான தொகையைக் கடனாக அல்ல, பங்காக அல்ல, தாய்மாமன் சீராக அனுப்பிவைக்கிறேன். அதைத் தனி வைப்பில் போட்டு வை. மெத்தைக்கும் எடுக்காதே, திரைச்சீலைக்கும் எடுக்காதே. ஒருவரும் வராத மாதத்தில் தவணை கட்டவும், அந்தப் பெண்ணின் சம்பளத்தைக் கொடுக்கவும் மாத்திரமே அதைத் தொட வேண்டும். அப்படி மூன்று வருஷம் நடத்தி, அந்தப் பணம் குறையாமல் இருக்குமானால், மூன்றாவது அறையைப் பற்றி அப்போது யோசிப்போம்.

நாளைக்கே ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வாங்கு. இடப் பக்கத்தில் நிரம்பிய இரவுகளையும், வலப் பக்கத்தில் காலியாகப் போன இரவுகளையும், காலியானதற்குக் காரணம் மழையா, பண்டிகையா, விலையா என்பதையும் தேதியிட்டு எழுதிவா. மாதம் முடிந்ததும் வலப் பக்கத்தின் பிரதியை மாத்திரம் எனக்கு அனுப்பு. இடப் பக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட உங்களுக்கு வேறு மனிதர்கள் இருப்பார்கள்.

இங்கே நேற்று மாலை கால்பைசாகிப் புயல் அடித்து மரக்கிளைகள் விழுந்தன. இன்றைக்குக் காற்று சற்றுக் குளிர்ந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், குழந்தைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தையே நாடும்
பெரிய மாமா